சன்னலுக்குள் மாட்டிக்கொண்ட மவுஸ்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்ற அன்று அப்பா சாப்பிடவில்லை. பட்டுச் சேலைக்கு பார்டர் டிசைன் போடுவது அவர் தொழில். அவரும் சித்தப்பாவும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, “மயிலுக்குக் கழுத்து குண்டா இருக்குதுடா” என்று சண்டை போட்டு வரைந்ததெல்லாம் அதற்குள்தான் இருந்தது. சித்தப்பா காலமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அந்தப் பழைய டிசைன் சாஃப்ட்வேர் அதில் திறக்கவே மாட்டேன் என்றது.

என் மாமா, அம்மாவின் தம்பி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். வந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் கோத்து, நாள் முழுக்க என்னவோ தட்டினார். சாயங்காலம் புதுத் திரையில் சின்னச் சன்னல் ஒன்று திறந்தது. அதற்குள் பழைய கம்ப்யூட்டர், போட்டதும் பாடும் அதே பாட்டோடு, சித்தப்பா வைத்த கோபுரப் படத்தோடு எழுந்து நின்றது.

“வேற பொட்டிக்குள்ள இருக்கறது பழசுக்குத் தெரியாது மாமா. இன்னும் பழைய வூட்லயே இருக்கறதா நெனச்சிக்கினு ஓடும்” என்றார் அப்பாவிடம். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதில் ஒரு தொல்லை. மவுஸ் அந்தச் சன்னலுக்குள் போய்விட்டால் தானாக வெளியே வராது. வலது பக்க கன்ட்ரோல் விசையைத் தட்டினால்தான் விடும்.

வேலை முடிந்தபின்னும் அப்பா பெஞ்சில் பாதி இடத்தைக் காலியாக விட்டு, அந்தச் சன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். சித்தப்பா கழுத்தோடு நிறுத்திய மயில் திரையில் இருக்கும். ஐயோ பாவம், மாட்டிக்கொண்டாரே என்று ஓடிப்போய் விசையைத் தட்டுவேன்.

“வெளிய வந்துடுச்சிப்பா!”

“வந்துடுச்சாம்மா? நல்லதும்மா” என்று சிரிப்பார். நான் நகர்ந்ததும் மறுபடி உள்ளே போய்விடுவார்.

“எத்தினி வாட்டி சொன்னாலும் அப்பாவுக்குப் புரியவே மாட்டேங்குதும்மா” என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன்.

“வுடும்மா, கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கட்டும்.”

அம்மாவுக்கும் கம்ப்யூட்டர் தெரியாது என்று முடிவுகட்டினேன். வீட்டிலேயே விவரம் தெரிந்தவள் நான்தான் என்ற மிதப்பில் பல மாதம் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா அந்த விசையைச் சொல்லிக்கொடுத்ததே அப்பாவுக்குத்தான். நான் பக்கத்தில் நின்று கேட்டவள்.