அண்ணையின் பங்குக் கொழுப்பு

ஒஸ்லோவில் இறைச்சிக்கும் சாதகம் எழுதி ஒட்டுகிறார்கள். எந்தத் தட்டில் எவ்வளவு கொழுப்பு என்று பார்த்து வாங்கலாம். வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பு. ஆறு வருடத்தில் நானும் கண்ணாடி போட்டு அதை வாசிக்கிற ஆளாகிவிட்டேன். ஆகவே, ஊரில், உடுப்பிட்டியில் அண்ணைக்கு நெஞ்சுவலி வந்ததென்றும், கொழுப்பைத் தொடாமல் தனிச்சதையாகக் கொஞ்சம் சாப்பிடச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொன்னாரென்றும் கடிதம் வந்தபோது, இதென்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த நேரம், கிளாலிக் கடலைப் படகில் கடந்து ஊருக்குப் போனேன். அண்ணை கிணற்றடிக்குப் போய்வரவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். ஞாயிறு காலை, வீட்டு முன் ஒழுங்கைக்குள் ஆட்டுப் பங்கு. பத்து வீடு சேர்ந்து ஒரு கிடாய். எலும்பு, ஈரல், சதை, கொழுப்பு எல்லாம் எல்லா வாழையிலையிலும் சமமாக விழவேண்டும். இதுதான் வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது எனக்குத் தெரியாததா? ஆனால் ஒஸ்லோப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அண்ணைக்குக் கொழுப்பில்லாமல் போடுங்கோ."

பங்கு போட்டுக்கொண்டிருந்த செல்லத்துரை கத்தியை நிறுத்தினார். "பிள்ளை, இது கடையில்லை. ஒராளுக்குத் தெரிஞ்செடுத்துக் குடுத்தா மற்ற ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "எல்லாரும் எடுக்கிறதைத்தான் நானும் எடுப்பன். நீ பேசாமல் இரு." வீம்பிலேயே செத்துப்போவாரோ என்று எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போது முன்வீட்டு இராசம்மா அக்கா தன் இலையோடு அண்ணையிடம் வந்தா. "தம்பி, உங்கடை கொழுப்பை இதிலை போட்டிட்டு என்ரை சதையை எடுங்கோ. எண்ணெய் இல்லாத காலம், எனக்குத் தாளிக்க உதவும்." நான் கழிவென்று நினைத்ததற்கு, சண்டையால் பாதை மூடி எண்ணெய் வராத அந்த ஒழுங்கையில் இன்னும் மூன்று பேர் கை நீட்டினார்கள். "எனக்கும் கொஞ்சம் மாத்துவியளோ?" என்று செல்லத்துரையே கேட்டார். அண்ணை முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். நான் நின்ற மூன்று ஞாயிறும் அப்படியே நடந்தது.

நான் ஒஸ்லோ திரும்பிய பிறகு, பங்குனியில் அண்ணையின் கடிதம் வந்தது. "இப்ப நெல்லியடிச் சந்தை வரைக்கும் நிக்காமல் நடக்கிறன்" என்று எழுதியிருந்தார். அன்று ஆட்டிறைச்சி வாங்கிக் கொழுப்பைச் சீவினேன். குப்பையில் போடக் கை வரவில்லை. தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரித்தின் கதவைத் தட்டினேன். அவள் "தாக், தாக்" என்று நன்றி சொல்லி முகமெல்லாம் சிரிப்பாக வாங்கினாள். தாளிக்கத்தான் போகிறாள் என்று நம்பினேன். மறுநாள் பார்த்தால், அவளுடைய பல்கனிக் கம்பியில் அது நூலில் தொங்குகிறது. பனிக்குள் பசித்திருந்த சின்னக் குருவிகள் கொத்துகின்றன. நான் யன்னலில் நின்று, எல்லாக் குருவிக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.