பக்கத்து வீட்டுச் சாவியைக் கேட்டுக்கொண்டே இருந்த புஷ்பராணி அக்கா

புஷ்பராணி அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில்... மூச்சுமுட்டல்.

நம் லயத்து குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கிற லயத்து வீடுகளில் நடு வீடு அக்காவுடையது. அக்காவும், மரம் விழுந்து நடக்க முடியாமல் போன அவர் புருஷன் ராசு அண்ணனும்.

அக்காவிடம் இருந்தது மகள் கலா கொடுத்த பழைய போன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் சிக்னல் வரும், அதனால் கூடையோடு கியூவில் நிற்கும்போதுதான் குரூப்புக்குள் வருவார்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார். பாதி எழுத்து காணாமல் போயிருக்கும்.

குரூப்பில் நாம் பேசாத விஷயமா... பைப்பில் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டு மாடோ கீரைப் பாத்தியில் இறங்கிவிட்டது, கக்கூஸ் குழி நிறைந்துவிட்டது. கொழும்பிலும் டுபாயிலும் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொல்வோம்.

அக்காவின் பிரச்சினை பக்கத்து வீடு.

முருகையா அண்ணன் குடும்பத்தோடு வத்தளைக்குப் போனபோது வீட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார். அந்த வீட்டுக் கூரைத் தகரம் உக்கிப்போய், உள்ளே விழுகிற மழைத் தண்ணீர் சுவருக்கு அடியால் கசிந்து அக்கா வீட்டுத் தரைக்கு வரும். வட்டவளை மழையைப் பற்றித்தான் தெரியுமே. ராசு அண்ணன் படுக்கிற பாய் எப்போதும் ஈரம்.

"முருகையா தம்பி, சாவிய யார்கிட்டயாவது குடுத்து விடுங்க. ஒரு தகரம் மட்டும் மாத்திக்கிறேன்" என்று போடுவார்.

"தீவாளிக்கு வாறேன் அக்கா" என்று பதில் வரும். தீபாவளி போனால் பொங்கல். நடுவில் மற்றவர்கள்... தார் பூசுங்க, ரப்பர் சீட் போடுங்க, சிமெந்து வைங்க. அக்கா எல்லாவற்றுக்கும் ஒரு லைக் போடுவார்.

எனக்குப் பொறுக்காமல் ஒரு நாள் போன் எடுத்துக் கத்தினேன். "பூட்ட உடைங்கக்கா, வாறது வரட்டும்."

"அடுத்தவங்க பூட்டுல கை வச்சா, வீட்டப் புடிக்க வந்துட்டானு ஆயிரும் தங்கச்சி."

"அப்ப தோட்டத்து ஆபீஸ்ல சொல்லுங்க."

"சொன்னா, இந்த வீட்டுல வேல செய்யிற ஆளே இல்லையேனு அவன் வீட்ட எடுத்துக்குவாங்க. பாவம், ரெண்டு பொம்பளப் புள்ள வச்சிருக்கான். நாளைக்கே திரும்பி வந்தா எங்கிட்டுப் போவான்?"

எங்கள் தோட்டத்து வழக்கம் அது. வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்தில் பதிந்திருந்தால்தான் வீடு.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அக்கா ஒரு பெட்டி மேல் ஏறி, அந்தச் சந்து வழியாகக் கயிற்றில் வாளியை அந்தப் பக்கம் இறக்கி, ஒழுகுகிற இடத்துக்கு நேராக வைப்பார். நிறைந்ததும் இழுத்து எடுப்பார்.

"நம்ம லயத்துலயே வீட்டுக்குள்ள கெணறு வச்சிருக்கது நாந்தான்" என்று போட்டார். குரூப் முழுக்கச் சிரிப்பு. முருகையா அண்ணன்கூட ஒரு ஸ்மைலி போட்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டு கலாகிட்டப் போயிருங்கக்கா" என்றும் சொல்லிப் பார்த்தேன். கலா வெள்ளவத்தையில் ஒரு ஃபார்மசியில் வேலை செய்கிறாள்.

"அதுவே போர்டிங்ல ஒரு ரூம்ல நெருக்கிப் படுக்குது. இவர எங்க படுக்க வைக்கிறது? எம் பேரு இருக்க வரைக்குந்தான் இவருக்கு இந்தக் கூரை."

பேசும்போதே மூச்சு வாங்கியது. "கலா பேரு மட்டும் இந்தத் தோட்டத்துல ஏறக் கூடாது தங்கச்சி. அது போதும் எனக்கு" என்றார். மழை, காய்ச்சல், எதுவானாலும் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அங்கே நிற்பார்.

இன்று மத்தியானம் எடுத்தார்கள்.

முருகையா அண்ணன் காலை ரயிலில் வந்திருந்தார், சாவியோடு. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமே... பூட்டைத் திறந்து, தரையில் நின்ற தண்ணீரை அவரே தள்ளினார்.

"இந்தத் தீவாளிக்கு எப்படியும் வாறதாத்தான் இருந்தேன்" என்றார் என்னிடம். நான் அந்த வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் சாவு வீடு என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

குரூப்பில் காலையிலிருந்து ஆர்ஐபி போடுகிறவர்களைப் பார்த்தாலும் எரிச்சலாகத்தான் வருகிறது. போடுங்கள், போடுங்கள்.

ஆண்கள் திரும்பி வந்து கைகால் கழுவியபிறகு, காலையில் பேர் கூப்பிடுகிற கங்காணி வந்து ராசு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுசன், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"கேக்கக் கூடாத நேரந்தாண்ணே. ஆனா ஆபீஸ்ல கேப்பாங்க. இந்த வீட்டுக்கு இனி யாரு பேரு?"

ராசு அண்ணன் தன் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எம் பேரப் போட்டுக்கங்க மாமா" என்றாள் கலா. தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், எழுந்துகூட வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "ஃபார்மசிக்கு நீங்களே சொல்லிருங்க சித்தி. எனக்குப் பேச வராது" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

மடுவத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன். மழை பிடித்துக்கொண்டது.

போய் வாருங்கள் அக்கா. காலையில் பேர் கூப்பிடுகிற பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.