மோட்டார்மேனின் தூக்கம்

என் அறைக்கு வந்த முதல் நாள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மேற்குத் தாம்பரத்தில் நான் மனநல வைத்தியம் பார்த்த அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம் தெரியும். எழுபதுகளின் தொடக்கம் அது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிய மோட்டார்மேன் அவர். குரோம்பேட்டை அருகே லைனைக் கடந்த ஒரு பெண் அவருடைய வண்டியில் அடிபட்டு இறந்திருந்தாள். அவர்மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. ஆனாலும் அதன் பிறகு அவரால் வண்டியில் ஏற முடியவில்லை.

"ராவெல்லாம் குந்திகினே கீறாரு சார். இன்னா பண்றதுன்னே தெரியல," என்றார் கூட வந்த மனைவி.

வாரம் ஒருமுறை வந்தார். அந்நாளில் என்னிடம் வருவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு வருவார்கள். காலையிலிருந்து பலருடைய துயரத்தைக் கேட்டுக் காது கனத்துப்போன நேரத்தில்தான் அவர் முறை வரும். பெண் குறுக்கே வந்தாள், பிரேக் போட்டேன், வண்டி நிற்கவில்லை என்று அதையே சொல்வார். உங்கள்மேல் தப்பில்லை என்று நானும் அதையே சொல்வேன். ஒருநாள் அவருக்குச் சலித்துப்போயிற்று.

"அது எனக்கும் தெரியும் சார். தெரிஞ்சா தூக்கம் வந்துடுமா?"

மறுவாரம் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். மதிய வண்டியில் இருவரும் பயணிகளாக ஏறினோம். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரோம்பேட்டையை நெருங்கும்போது வண்டி ஹார்ன் அடித்தது. அதுவரை சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"அவ தாண்டிட்டா சார். நான் ஹார்ன் அடிச்சேன். பயந்துபோய்த் திரும்பி ஓடியாந்தா. அடிக்காம வுட்டிருந்தா வூட்டுக்குப் போயிருப்பா."

ஹார்ன் அடிப்பது அவர் கடமை. அது அவருக்குத் தெரியாததா? பல்லாவரமும் மீனம்பாக்கமும் வந்து போயின. அவர் வாய்விட்டு அழுதார். எதிரே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிண்டியில் இறங்கி டீ குடித்தோம். எனக்கும் அசதியாக இருந்தது.

சில மாதங்களில், ரயில்பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஷெட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி ஓட்டப்போவதில்லை என்று அவர் வந்து சொன்னபோது என் முகம் தொங்கியிருக்க வேண்டும்.

"நான் மறுபடி வண்டி ஓட்டணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க சார். நான் தூங்கணும்னுதான் ஆசைப்பட்டேன். இப்போ தூங்கறேன்."

எத்தனை பேரைக் குணப்படுத்தியிருப்பீர்கள் என்று இன்று யாராவது கேட்டால், அவரை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரிவதில்லை. அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, வெளியே காத்திருந்தவரை உடனே கூப்பிடாமல், நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.