வேலை வாங்காத சம்பளம்

ஜெர்மன் இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் என்னை எடுத்துக்கொண்டது என்று சொன்னதும் அப்பா கேட்டார், "எவ்ளோ கட்டணும்?"

"ஒண்ணும் கட்ட வேணாம்ப்பா. அவங்கதான் எனக்குத் தருவாங்க."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. கட்ட வேண்டும் என்றிருந்தால் லோனுக்கு வழி பார்த்திருப்பார். சுரங்கத்தில் பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து, தாமதமாக பெர்மனன்ட் ஆனவர். சும்மா கிடைக்கும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

விளக்கிச் சொன்னேன். முதல் வருஷம் படித்தாலே போதும், உதவித்தொகை உண்டு. அடுத்த நான்கு வருஷங்களில் அங்குள்ள இளங்கலை மாணவர்களுக்கு ஜெர்மன் நடத்த வேண்டும், அதற்குச் சம்பளம். ஃபீஸ் கிடையாது. கோடை விடுமுறை மாதங்களின் உதவித்தொகைக்கு மட்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

"அமெரிக்காக்காரனுக்கு ஜெர்மன் சொல்லித்தர நெய்வேலியிலேர்ந்து ஆள் எடுக்கறானா?" என்றார்.

அம்மாவை உறுத்தியது வேறு. "வேலையே வாங்காம ஒரு வருஷம் சம்பளம் தராங்களே, ஏன்?"

பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்காவின் தம்பி ஏஜென்டை நம்பி வெளிநாடு போய்ச் சிக்கிக்கொண்டவர். அக்கா வந்து, "போனதுமே பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே என் பாஸ்போர்ட் அப்பாவின் பீரோவுக்குள் போனது.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார், "அங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையன் யாராவது உண்டா என்றுதான் கேட்கிறார் என்று மூவருக்கும் புரிந்தது.

"யாரும் இல்லப்பா." உண்மைதான். ஆனாலும் என் குரல் எனக்கே பொய்போலக் கேட்டது. பிறகு நானும் சந்தேகம் வந்து, சேர்க்கைக் கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் துறைத்தலைவிக்கு எழுதினேன்: என் அப்பா உங்களிடம் பேச வேண்டும் என்கிறார். உடனே சம்மதித்தார். அன்று அப்பா ஜெனரல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். திரையில் நரைத்த முடியோடு ஓர் அம்மையார். வணக்கம் சொன்ன கையோடு அப்பா ஆரம்பித்தார்.

"என் பொண்ணால உங்களுக்கு என்ன லாபம்னு கேளு."

கூச்சத்தோடு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளை ஆராய்ச்சி மாணவர்கள்தான் நடத்துகிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் துறையே நடக்காது. முதல் வருஷம் அதற்குத் தயாராவதற்கு என்றார்.

"அப்படிச் சொல்லுங்க. ட்ரெய்னிங்" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அஞ்சு வருஷம் முடிஞ்சா? பெர்மனன்ட் பண்ணுவாங்களா?"

அம்மையார், "இல்லை. இந்தப் படிப்புக்கு வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. என்னால் எந்த உறுதியும் தர முடியாது" என்றார்.

அதைத் தமிழில் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொன்னேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அழைப்பு முடிந்ததும் அப்பா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தார்.

"ஏமாத்தறவனா இருந்தா கண்டிப்பா வேலை உண்டுன்னு சொல்லியிருப்பான்" என்றார் அம்மாவிடம்.

நான் இங்கே வந்து இது இரண்டாவது வருஷம். காலை எட்டு மணி வகுப்பில் தூக்கக் கலக்கத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் வினைச்சொற்களை நடத்துகிறேன். பொண்ணு அமெரிக்காவில் படிக்கிறதா என்று கம்பெனி பஸ்ஸில் யாராவது கேட்டால் அப்பா சொல்கிறாராம்:

"இல்லீங்க, வேலைக்குப் போயிருக்குது. கான்ட்ராக்ட்தான்."