அட்டையில் பெயர் போடாத ரஹீமா டீச்சர்

ரஹீமா டீச்சர் காலமான செய்தி சிலாபம் மீன் சந்தையில் நிற்கும்போது எனக்குக் கிடைத்தது. அவருடைய மருமகன் தொலைபேசியில் பேசினார். "ஐயா, மாமி மௌத்தாப் போய்ட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." வாங்கிய மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மதுரங்குளிக்கு பஸ் ஏறினேன்.

வீட்டு முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். எங்கள் வாசிகசாலைச் செயலாளர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டீச்சர் எழுதின சின்னப் புத்தகங்கள் எல்லாத்தையும் ஒரே தொகுதியாப் போடப் போறோம் ஐயா. அட்டையில டீச்சர்ட பேர் பெரிசா வரும்" என்றார். மரண வீட்டில் தர்க்கம் செய்யக்கூடாது. டீச்சரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் எழுதியவன் நான். உடப்பில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். மற்றதெல்லாம் நானாகப் படித்தது. டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வாசிகசாலைக்காக நாங்கள் இருவரும் சின்னஞ்சிறு அறிமுகப் புத்தகங்கள் எழுதினோம். மின்சாரம், பொழுதுபோக்குகள், பெருநாட்கள், விண்வெளிப் பயணம் என்று ஒன்றுக்கு ஒரு விஷயம். எவ்வளவு நீளம் எழுதலாம் என்று முதல் நாளே கேட்டேன். "சந்தியில நிக்கிற ஆள் கொழும்பு பஸ் வரமுதல் வாசிச்சு முடிக்கணும்" என்றார். பஸ் பிந்தி வரும் நாட்களும் உண்டே என்றேன். "அதுக்காக நீங்க பிந்தி முடிக்க வேணாம், அண்ணன்" என்றார்.

என் எழுத்தை அவர் வெட்டியதுபோல வேறு எவரும் வெட்டியதில்லை. பொழுதுபோக்குகள் புத்தகத்துக்கு தபால் முத்திரை சேகரிப்பைப் பற்றி நான்கு பந்தி எழுதிக் கொண்டுபோனேன். "இந்தப் பக்கம் கடிதம் வாறது ஆருக்கு? பேங்கிலயிருந்து வாறதுலயா முத்திரை கழட்டுறது?" என்று கேட்டு முழுவதையும் எடுத்துவிட்டார். அந்தப் பந்திகள் நல்ல பந்திகள்.

ஆனால் ஒருமுறை அவர் தோற்றார். அதையும் சொல்ல வேண்டும். உச்சமுனைக்குப் படகில் புத்தகங்கள் கொண்டுபோனோம். விண்வெளிப் புத்தகத்தை அங்கே எவரும் தொடமாட்டார்கள், பொழுதுபோக்குப் புத்தகம்தான் போகும் என்று டீச்சர் படகிலேயே சொல்லிவிட்டார். கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் பொழுதுபோக்குப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொழுது போகாம இருந்தாத்தானே டீச்சர் இது வேணும். எங்களுக்குப் பொழுது காணாது" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு விண்வெளிப் புத்தகத்தைக் காட்டி, "அதைத் தாங்க. தூரப் போற கதை எண்டா வாசிக்கலாம்" என்றாள். திரும்பி வரும்போது டீச்சர், "சிரிக்கிறதெண்டா சிரிங்க அண்ணன், வாயைப் பொத்திக்கிட்டு வராதீங்க" என்றார்.

எங்கள் பெரிய சண்டை பெயரைப் பற்றியது. எந்தப் புத்தகத்தின் அட்டையிலும் எழுதியவர் பெயர் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். காரணத்தை ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொன்னார். "உங்கட பேரைக் கண்டா, ரேடியோ திருத்துற ஆளுக்கு சந்திரனைப் பத்தி என்ன தெரியும் எண்டு மூடி வைப்பாங்க. என்ட பேரைக் கண்டா, டீச்சர் சொன்னாச் சரி எண்டு யோசிக்காம நம்புவாங்க. ரெண்டும் கூடாது." நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் சான்றிதழ் இல்லாதவன் என்று தள்ளி வைக்கப்பட்ட ஒருவனுக்குத் தன் பெயரை அச்சில் காண்பது சின்ன விஷயமல்ல. அதையும் அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். சட்டம் மாறவில்லை.

ஒரு நோன்பு மாதக் கடைசியில் பிறை பார்க்கும் மாலை மேகம் மூடிவிட்டது. பிறை தென்படவில்லை. ஆகவே மறுநாள் பெருநாளில்லை, நோன்பு. விண்வெளிப் புத்தகத்தில், சந்திரன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம், விண்கலங்கள் அந்தக் கணக்கை நம்பித்தான் போகின்றன என்று நான் எழுதியிருந்தேன். பிறை மேகத்துக்குப் பின்னால் இருந்தது, புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று சில இளந்தாரிகள் சந்தியில் கதைத்திருக்கிறார்கள். கதை பரவி, மறுநாள் ஒரு ஹாஜியார் வாசிகசாலைக்கு வந்துவிட்டார்.

"இதை எழுதினது ஆரு?"

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "ஆரு எழுதினாத்தான் என்ன ஹாஜியார். முதல்ல வாசிங்க. பிழை இருந்தா நாங்களே கிழிச்சுப் போடுறோம்."

அவர் நின்றபடியே வாசித்தார். கணக்கைப் பற்றிய பந்தியின் கடைசியில் ஒரு வசனத்தைச் சத்தமாகவும் வாசித்தார்: "சந்திரன் எங்கே நிற்கும் என்பதைக் கணக்குச் சொல்லும், அது நம் கண்ணுக்குப் படுமா என்பதை மேகம் சொல்லும்." பிறகு தலையை ஆட்டினார். "இதைத்தானே நாங்களும் சொல்றோம். கண்டாத்தானே பெருநாள்."

அந்த வசனத்தை எழுதியவர் டீச்சர். விண்வெளிப் புத்தகத்தில் மேகத்துக்கு என்ன வேலை என்று அச்சுக்குப் போகுமுன் நான் அதற்காக ஒரு கிழமை முழுக்க அவரோடு கதைக்காமல் இருந்தேன். ஹாஜியார் முகம் மலர்ந்ததைக் கண்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் புத்தகம் நான் எழுதினது" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? உடப்பு ரேடியோக்காரர்தானே? உங்களுக்குப் பிறையில என்ன கதை?" புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி அலுமாரித் தட்டில் அடுக்கினார், அட்டை வெளியே தெரியும்படி. இன்றும் சொல்கிறேன், அது ஹாஜியாருடைய பிழை, என்னுடையதல்ல. பெயரைக் கண்டு புத்தகத்தை மூடுகிறவனைத் திருத்தாமல் பெயரை எடுத்துவிடுவது நியாயமல்ல. டீச்சர் உயிரோடு இருந்தால் இதை நேரே சொல்லியிருப்பேன். பலமுறை சொல்லியும் இருக்கிறேன்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதே கதைதான். அடுத்து முத்துக் குளிப்பைப் பற்றி எழுதச் சொன்னார். என் பெயர் போட்டால் எழுதுகிறேன் என்றேன். "அப்ப எழுதாதீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "எழுதினா, குளிக்கிறவன் மூச்சை அடக்குறதுல தொடங்குங்க" என்றார்.

ஆகவே வாசிகசாலையாருக்கு என் பதில் இது. தொகுதியின் அட்டையில் டீச்சருடைய பெயரைப் போடாதீர்கள். என்னுடையதையும் போட வேண்டாம். அவருடைய சட்டத்தோடு நான் உடன்பட்டுவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். அது தவறான சட்டம். ஆனால் அதை மாற்றும்படி அவரோடு வாதாட நான் ஒருவன்தான் இருந்தேன். அவர் போன பிறகு எதிர்த்துப் பேச ஆளில்லாத நேரம் பார்த்து வெல்ல எனக்கு விருப்பமில்லை. நீங்களும் வெல்லக்கூடாது.

விண்வெளிப் புத்தகத்தைத் தொகுதிக்காக நேற்றுத் திருத்தினேன். இம்முறை என் கையைப் பிடிக்க எவரும் இல்லை. மேகத்தைப் பற்றிய வசனத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் மற்ற வசனங்கள் எல்லாம் நான் எழுதியவை.