நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு மோட்டர் வந்தது

இறுப்பிட்டியில் எங்கள் பகுதிக்கு ஒரேயொரு நல்ல தண்ணீர்க் கிணறுதான். எங்கள் தீவில் நன்னீர் மேலே மெல்லியதாக நிற்கும், அடியில் உப்பு. அதனால் வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறுதலாகவே அள்ளுவோம். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு, பிரதேச சபை அந்தக் கிணற்றில் மோட்டர் பூட்டி வீதிகளில் குழாய் வைத்தது.

"மோட்டரால இறைச்சா உப்பு ஏறும், ஐயா" என்றேன் சபை அதிகாரியிடம்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, எல்லாம் அளந்துதான் செய்யிறம்."

மாரி மழைக்கு முன்பே குழாயிலும் கிணற்றிலும் உப்பு. அதே அதிகாரியிடம் போய் முறையிட்டேன்.

"குழாயில தண்ணி வருகுதுதானே?" என்றார்.

இப்போது குடிக்கிற தண்ணீருக்குப் பிளாஸ்டிக் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறேன். சபையிலிருந்து யார் வந்தாலும் குழாய்த் தண்ணீரில்தான் தேநீர் போட்டுக் கொடுக்கிறேன். ஒருவரும் இன்னும் கோப்பையை முடித்ததில்லை.