திறக்கப்படாத மயில்

குமாரசாமியின் கணினியைக் கெடுத்தவன் நான். தவறுதலாக அல்ல, தெரிந்தே, நிதானமாக, என் இரு கைகளால்.

நீங்கள் என்னை நல்லவன் என்று எண்ணியிருக்கலாம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன், ‘பெசி புரோக்’ என்கிற பழைய இரும்புக் கடையில் கிடந்த மதர்போர்டுகளைப் பொறுக்கி வந்து தானே கற்றவன், செத்த கணினிக்கு உயிர் கொடுப்பவன் என்று எங்கள் பீடோங் ஊரில் சொல்வார்கள். அந்தப் பெருமையையும் சேர்த்தே இன்று இறக்கி வைக்கிறேன்.

குமாரசாமி எம்பிராய்டரி கடைக்காரன். என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பெசி புரோக் பொறுக்குற ஆளு லா இவரு. இவர் வீட்டுலயா பொண்ணு எடுக்குறீங்க?" அவர்கள் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அலோர் ஸ்டாரில் வேலை பார்க்கும் என் மகள் இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறாள்.

பல ஆண்டுகள் கழித்து, மனைவியை இழந்திருந்த அவன் என்னிடமே வந்தான். அவனுடைய தையல் இயந்திரத்தை இயக்கும் பழைய கணினி நின்றுபோயிருந்தது. அந்த இயந்திரம் புதிய கணினிக்குக் கட்டுப்படாது. வீங்கிக் கிடந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன், உயிர் வந்தது. அப்போது கேட்டான்: "அண்ணே, கொஞ்சம் ஸ்பீட் ஏத்திக் குடுக்க முடியுமா? டிசைன் திறக்க லேட்டாவுது லா."

அவனே கேட்டான்! இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்...

வேகம் கூட்ட இரு வழிகள் உண்டு. கணினியின் மூளையான செயலியை மட்டும் முடுக்கலாம், பெரிய பாதகமில்லை. மதர்போர்டு முழுவதன் துடிப்பையும் முடுக்கலாம்; அப்போது சித்திரங்களைச் சேமிக்கும் வன்தட்டு தாங்காது, அதில் எழுதப்படுவது மெல்லச் சிதையும். அந்தப் பலகையில் ஜம்பர் என்னும் சிறு செருகியை ஓரிடம் தள்ளிச் செருகினால் போதும். செருகினேன்.

கணினி பறந்தது. கோயிலில் நாலு பேர் முன்னால் என்னைப் புகழ்ந்தான். நானோ அவன் கடையில் கோப்பி குடித்தபடி காத்திருந்தேன். அளவு மாற்றிச் சேமிக்குந்தோறும் ஒவ்வொரு சித்திரமாகக் கெட்டது. மாங்காயின் நுனி முறிந்தது. அன்னத்தின் கழுத்து கோணியது. மணப்பெண்களின் ரவிக்கைகள் திரும்பி வந்தன. எவ்வளவு இனித்தது, தெரியுமா!

கடைசியில் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "கடை போனா போவட்டும்ணே. இதெல்லாம் கமலம் வரைஞ்சது. ஒன்னாவது எடுத்துக் குடுங்க."

கமலம்... அவன் மனைவி. நிச்சயம் முறிந்த மறுநாள், கணவனுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளைக் கட்டிக்கொண்டு அழுத ஒரே ஒருத்தி. அவை யார் வரைந்தவை என்று நான் ஏன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை? பழி வாங்க வந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றுமா?

வன்தட்டைக் கழற்றி என் கணினியில் பொருத்திப் பார்த்தேன். எல்லாம் பாழ். ஒன்று மட்டும் முழுதாக இருந்தது. ஒரு மயில். யாரும் கேட்காததால் அவன் அதைத் திறந்ததே இல்லை, அதனால் பிழைத்திருந்தது. கண்டதும் அறிந்துகொண்டேன். என் மகளின் நிச்சயதார்த்த ரவிக்கைக்குக் கமலம் போட்டுக் கொடுத்த மயில் அது.

"ஒன்னும் இல்ல தம்பி" என்றேன்.

அவன் இன்னும் நம்பவில்லை. கோயிலில் பார்க்கும்போதெல்லாம், மறுபடி ஒருமுறை பார்க்கும்படி கெஞ்சுகிறான். அந்தக் குரல் எனக்கு இன்னும் இனிக்கிறது... பிறகு கமலத்தின் முகம் வருகிறது. இனிப்பு போய்விடுகிறது.

மயில் உள்ள அந்த வன்தட்டு என் அலமாரியில் இருக்கிறது. நேற்றும் கேட்டான்.

"பார்க்கலாம் தம்பி" என்றேன்.